எக்ஸ் பெனடிக்ட், ஃப்ளோரன்டைன், ராயல், சில்பிர்: எதை மாற்றினால் உண்மையில் பலன்?

எக்ஸ் பெனடிக்ட் பிடிக்கும், ஆனால் உடம்புக்கு ஆகாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முட்டையையோ பன்றி இறைச்சியையோதான் கைகாட்டுவார்கள். வீட்டில் எல்லா வகையையும் மாற்றி மாற்றிச் செய்து, ஒவ்வொரு பொருளையும் எடை போட்டுக் கணக்குப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது, நாம் பார்க்க வேண்டிய இடம் மேலே ஊற்றும் சாஸ்.

பெனடிக்ட் என்றால் இரண்டாகப் பிளந்து வாட்டிய இங்கிலிஷ் மஃபின் என்ற தட்டையான வட்ட ரொட்டி, அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டுகளான கனேடியன் பேகன் அல்லது ஹாம், அதற்கும் மேல் வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த போச்ட் முட்டை, கடைசியில் மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் எலுமிச்சைச் சாறோடு அடித்துச் செய்யும் ஹாலண்டேஸ் சாஸ். 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் பிறந்த பலகாரம் இது. டெல்மோனிகோஸ் உணவகத்தின் சமையல் தலைவர் சார்லஸ் ரான்ஹோஃபர் 1894இல் அச்சிட்ட சமையல் நூலிலேயே இதன் செய்முறை இருக்கிறது. இறைச்சியை எடுத்துவிட்டுப் பசலைக்கீரை வைத்தால் ஃப்ளோரன்டைன், புகையூட்டிய சால்மன் மீன் வைத்தால் ராயல்.

சரி, கணக்குக்கு வருவோம். பெரிய முட்டை ஒன்றில் சுமார் 72 கலோரி, 6 கிராம் புரதம். போச்ட் செய்யும்போது எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சேராததால் இரண்டு முட்டைக்கு 144தான். மஃபின் 130 சொச்சம், இரண்டு துண்டு ஹாம் ஏறக்குறைய 65. ஹாலண்டேஸுக்கு 3 மஞ்சள் கருவும் 120 கிராம் வெண்ணெயும் எடுத்து நான்கு பேருக்குப் பிரித்தால் ஒரு தட்டுக்கு 30 கிராம் வெண்ணெய் விழுகிறது, அதாவது சாஸ் மட்டும் 250 கலோரியைத் தாண்டுகிறது. மொத்தம் 600ஐ ஒட்டி வரும் தட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகம் அந்தச் சாஸ்தான். நிறைவுற்ற கொழுப்பு எல்லாம் சேர்த்து 20 கிராம் அளவுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பே 22 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், காலைச் சாப்பாட்டிலேயே முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிட்டது.

இப்போது இறைச்சி, மீன், கீரை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கலோரியில் ஹாமுக்கும் 60 கிராம் சால்மனுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சால்மனில் ஒமேகா-3 கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் புகையூட்டும் முன் உப்பில் ஊறவைப்பதால் உப்பு அதிகம், ஆகவே ரத்த அழுத்தத்துக்காக ஹாமைத் தவிர்த்துவிட்டு ராயல் கேட்பவர்கள் ஏமாறுகிறார்கள். கீரைதான் இங்கே தெளிவான வெற்றி. வேகவைத்த 100 கிராம் பசலையில் 23 கலோரி, கூடவே நார்ச்சத்து, ஃபோலேட், வைட்டமின் கே. ஒரே ஒரு எச்சரிக்கை, கீரையை நன்றாகப் பிழியாமல் வைத்தால் மஃபின் நனைந்து கூழாகிவிடும், பிறகு எந்த முட்டையும் அதைக் காப்பாற்றாது.

ஆனாலும் கீரைக்கு மாறியதில் மிச்சம் 40 கலோரிதான். உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் துருக்கியின் சில்பிரைப் பாருங்கள். அதே போச்ட் முட்டை, ஆனால் கீழே பூண்டு நசுக்கிப் போட்ட தயிர், மேலே மிளகாய்த்தூள் போட்டு உருக்கிய வெண்ணெய். முழுக்கொழுப்புத் தயிர் 150 கிராமும் வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியும் எடுத்தால், ரொட்டியையும் சேர்த்துத் தட்டு 460 கலோரி அளவில் நின்றுவிடுகிறது. நிறைவுற்ற கொழுப்பும் 13 கிராம் பக்கம் இறங்குகிறது, தயிரின் புரதமும் கால்சியமும் கூடுதல். வாரம் ஒருமுறை செய்வதானால் நான் சில்பிர் பக்கம்தான். என்றைக்கோ ஒருநாள் என்றால் அசல் ஹாலண்டேஸோடு ஃப்ளோரன்டைன், சாஸ் மட்டும் பாதி. பாக்கெட் தூளில் கலக்கும் சாஸ் எந்தக் கணக்கிலும் சேராது, அதில் வெண்ணெயின் ருசியும் இல்லை, எலுமிச்சையின் புளிப்பும் இல்லை.

ஹாலண்டேஸைக் கையால் அடிப்பதா, மிக்ஸியிலா? கொதிக்கும் நீருக்கு மேல் கிண்ணத்தை வைத்து அடிக்கும்போது சூடு கொஞ்சம் கூடினாலும் மஞ்சள் கரு திரிந்து பொரியல் மாதிரி ஆகிவிடும். மிக்ஸியில் கருவும் எலுமிச்சைச் சாறும் ஓடிக்கொண்டிருக்கும்போது சூடான உருகிய வெண்ணெயை நூலாக ஊற்றினால் ஒரு நிமிடத்தில் முடிகிறது, கருவிலுள்ள லெசித்தின் என்ற பொருள் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. பிரிந்துவிட்டாலும் பதற வேண்டாம், ஒரு கரண்டி வெந்நீர் விட்டு அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

முட்டையை ஊற்றுவதில் மூன்று கட்சி உண்டு. வினிகர் கட்சி, சுழல் கட்சி, வடிகட்டிக் கட்சி. வினிகர் வெள்ளைக்கருவைச் சீக்கிரம் இறுக்கும், ஆனால் மேல்தோல் கொஞ்சம் தடிக்கிறது, புளிப்பும் ஒட்டுகிறது. தண்ணீரைச் சுழற்றுவது ஒரு முட்டைக்குச் சரி, நாலு முட்டைக்கு அழகாக வராது. நான் வடிகட்டிப் பக்கம். முட்டையை மெல்லிய வடிகட்டியில் உடைத்து ஊற்றினால் தண்ணியான வெள்ளைக்கரு கீழே ஒழுகிவிடும், தண்ணீரில் நூல் நூலாகப் பிரிவது அந்தப் பகுதிதான். அது போனபிறகு மீதியைக் கொதி அடங்கி அடியில் மட்டும் சின்னக் குமிழ் வரும் தண்ணீரில் மெதுவாக இறக்கி 3 முதல் 4 நிமிடம் விட வேண்டும். விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே செய்து ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்து, பரிமாறும் முன் ஒரு நிமிடம் வெந்நீரில் சூடாக்கலாம்.

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமியை மனதில் வைத்துப் பாஸ்டரைஸ் செய்த, அதாவது மிதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய முட்டையையே இரண்டுக்கும் எடுங்கள், முட்டைக்கும் சாஸுக்கும். ஹாலண்டேஸிலும் பாதி வெந்த மஞ்சள் கருதான் இருக்கிறது என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.