கணபதிப் பட்டறையில் எட்டு மாதங்கள்: மெஷின் கண்காணிப்புச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கோவை கணபதியில் பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து தரும் எங்கள் ஜாப் ஒர்க் பட்டறையில் கணினிக் கட்டளைப்படி இயங்கும் ஐந்து சி.என்.சி. மெஷின்களும், இரண்டு பழைய லேத்துகளும், காற்றை அழுத்தித் தரும் 15 குதிரைத்திறன் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்றும் இருக்கின்றன. இவற்றில் சி.என்.சி. மெஷின்களையும் கம்ப்ரசரையும், உள்ளூர் நிறுவனம் ஒன்று நடத்தும் ஐ.ஓ.டி. (பொருள்களின் இணையம்) கண்காணிப்புச் சேவையோடு எட்டு மாதங்களுக்கு முன் இணைத்தோம். பொருத்துவதற்கு மெஷின் ஒன்றுக்கு 8,500 ரூபாயும், அதன்பின் மாதம் 900 ரூபாயும் கட்டணம். செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பலர் கேட்டுவிட்டதால், கண்டதை முழுமையாக எழுதுகிறேன்.

பொருள்களின் இணையம் என்ற பெயரை 1999-இல் முதலில் பயன்படுத்திய கெவின் ஆஷ்டன், கணினிகளுக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்கள் தட்டச்சு செய்தவைதான் என்றும், மனிதர்களுக்கு நேரமும் கவனமும் குறைவு என்பதால் பொருள்களே தம்மைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்றும் பின்னாளில் விளக்கினார். எங்கள் ஷிப்ட் நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னது விளங்கும். ஷிப்ட் முடிந்து கைகழுவும் நேரத்தில் நினைவிலிருந்து எழுதப்படும் அந்த நோட்டில், அரை மணி நேரம் நின்ற மெஷின் பதிவாகும். ஐந்து ஐந்து நிமிடமாகப் பத்து முறை நின்ற மெஷின் பதிவாகாது.

இந்தச் சேவையின் அமைப்பு எளிமையானது. பேனல் போர்டில், மெஷினின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலை ஓட்டும் மோட்டாருக்குப் போகும் கம்பியைச் சுற்றி, அது இழுக்கும் கரண்டை அளக்கும் சென்சார் ஒன்று மாட்டப்படுகிறது. மெஷின் தலையிலுள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளின் சமிக்ஞையும் கையளவுப் பெட்டி ஒன்றுக்குள் வருகிறது. அங்கிருந்து வைஃபை வழியாகத் தகவல் சர்வருக்குச் செல்கிறது. அதற்கு இவர்கள் பயன்படுத்தும் எம்.க்யூ.டி.டி. என்ற முறை, 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவானது. மிகச் சிறிய செய்திகளாக அனுப்புவதால் மெலிந்த இணைப்பே அதற்குப் போதும். இணையம் அறுந்த நாள்களில் பெட்டி தகவலைத் தன்னிடமே சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவிட்டது. எட்டு மாதங்களில் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை.

முதல் பலன் மூன்றாம் வாரத்தில் தெரிந்தது. அருகருகே இருக்கும் இரண்டு மெஷின்கள் ஒரு ஷிப்டுக்குள் பலமுறை நான்கைந்து நிமிடம் மாறி மாறி நின்றிருந்தன. ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து நேரத்தை ஒப்பிட்டபோது, இரண்டு மெஷின்களுக்கும் ஒரே போர் கேஜ் இருப்பதும், ஒருவர் துளையை அளந்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதும் புரிந்தது. இன்னொரு கேஜ் வாங்கியதோடு அந்த நிறுத்தங்கள் மறைந்தன. பெட்டி காட்டியது நேரத்தை மட்டுமே. காரணத்தைச் சொன்னவர்கள் ஆபரேட்டர்கள்.

கம்ப்ரசரில் கிடைத்த பலன் இதைவிடப் பெரியது. மதிய உணவு இடைவேளையில் யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது ஒரு நிமிடம் லோடிலும் (காற்றை அழுத்தும் நிலை) மூன்று நிமிடம் அன்லோடிலுமாக (அழுத்தாமல் வெறுமனே ஓடும் நிலை) மாறி மாறி ஓடியது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் என்றால், கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் கால் பங்கு கசிவிலேயே போகிறது என்று பொருள். அன்லோடில் ஓடும்போதும் இத்தகைய கம்ப்ரசர் முழுச் சுமையில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்குக்குக் குறையாமல் இழுக்கும் என்பதால் நட்டம் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடி, ஹோஸ்களையும் கப்ளர்களையும் மாற்றினோம். இப்போது அதே இடைவேளையில் பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம்தான் லோடு ஏறுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு மெஷினில் சென்சாரை ஸ்பிண்டில் மோட்டாருக்குப் பதிலாகப் பேனலின் மெயின் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கூலன்ட் பம்பும் ஹைட்ராலிக்கும் இழுக்கும் கரண்டையும் சேர்த்து, வேலையே இல்லாமல் நின்ற மெஷினை அது ஓடுவதாகக் காட்டியது. நாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்ல ஆறு வாரங்கள் ஆயின. இன்னொரு மெஷினுக்கு ஒரு பீஸுக்கான நேரத்தைத் தவறாகப் பதிந்ததால், செயல்திறன் நூறு விழுக்காட்டுக்கு மேல் போனது. எச்சரிக்கைச் செய்திகள் நாளுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வந்தபோது, உண்மையான எச்சரிக்கையையும் படிக்காமல் விட்டோம். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் மட்டும் செய்தி வரும்படி மாற்றிய பிறகே அது பயன்பட்டது. நிறுத்தக் காரணங்களைத் தேர்ந்தெடுக்கும் திரை முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தமிழில் மாற்றித் தரும்படி கேட்டபின் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்த் தொழிலாளர்களுக்காகக் கோவையில் செய்யப்படும் பொருள் முதல் நாளிலேயே தமிழில் வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பெட்டிகள் அனைத்தும் ஒரே எளிய கடவுச்சொல்லோடு வந்தன. 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் கேமராக்களைக் கைப்பற்றியது. எனவே வாங்குபவர்கள் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி, மெஷின்களுக்கென்று தனி வைஃபை வைத்துக்கொள்வது நல்லது. நம் தகவலை எக்செல் கோப்பாக எப்போதும் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்; நாங்கள் கேட்டதும் எழுதிக் கொடுத்தார்கள்.

பொருத்திய அன்று, பத்து வருடமாக எங்களிடம் வேலை செய்யும் ஆபரேட்டர், "ஏனுங்கண்ணா, இந்தப் பொட்டி எங்களைக் கணக்குப் பாக்கறதுக்குங்களா?" என்று கேட்டார். இதைக் கொண்டு யாருடைய கூலியையும் குறைக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை அதைக் காப்பாற்றுகிறேன். அந்த வாக்கு இல்லாமல் போர் கேஜ் விஷயம் என் காதுக்கு வந்திருக்காது.

ஒன்றிரண்டு மெஷின் மட்டும் வைத்து, பக்கத்திலேயே நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை. நான்கு மெஷினுக்கு மேலோ, இரவு ஷிப்டோ இருப்பவர்கள் முதலில் கம்ப்ரசருக்கு மட்டும் மாட்டிப் பார்க்கலாம். நாங்கள் இன்னொரு ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். சென்சார் மாட்டும்போது எங்கள் எலக்ட்ரீஷியனும் உடன் நிற்பார் என்ற நிபந்தனையோடு இரண்டு பழைய லேத்துகளையும் இம்முறை சேர்த்திருக்கிறோம்.