அரங்கக் கூட்டமா, களப்பயணமா, சேர்க்கை முகாமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எது உதவுகிறது

வீட்டில் யாருமே கல்லூரிப் படி ஏறாத ஒரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்லூரியைக் காட்ட இன்றைக்குத் தமிழ்நாட்டில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. 2022இல் மாணவர்களுக்கு வழிகாட்டத் தமிழக அரசு நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கிய பிறகு கல்லூரிக் கனவு, கல்லூரிக் களப்பயணம், உயர்வுக்குப் படி என்று அடுத்தடுத்து வந்துவிட்டன. அதுபோக ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற பெரிய இடங்களும் வருடத்தில் ஓரிரு நாள் கதவைத் திறந்துவிடுகின்றன. பிளஸ் டூ வகுப்பாசிரியராக இவற்றில் பலவற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவள் என்ற முறையில், எல்லாமே நல்லதுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் நாட்களும் பஸ் வாடகைக்கான பணமும் அளவானவை, ஒன்றுக்குப் போனால் இன்னொன்றுக்குப் போக முடியாது. அதனால் மூன்றே கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்: எந்தப் பிள்ளை அங்கே வருகிறது, எந்த வயதில் வருகிறது, சாயங்காலம் வீடு திரும்பும்போது அதன் கையில் என்ன இருக்கிறது.

முதலில் கல்லூரிக் கனவு மாதிரியான அரங்கக் கூட்டம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே மண்டபத்தில் உட்கார, கலெக்டர் பேசுவார், ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் வந்து என்ன படிக்கலாம் என்று சொல்வார், வெளியே கல்விக் கடனுக்கு வங்கிக்காரர்கள் மேஜை போட்டிருப்பார்கள், ஒரு வழிகாட்டிப் புத்தகமும் கொடுப்பார்கள். அந்தப் புத்தகம் உண்மையிலேயே நல்ல புத்தகம், அதை நான் வகுப்பில் வைத்து வாசிக்க வைப்பேன். ஆனால் அவ்வளவு கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கிற பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத்தான் கேள்வி அதிகம், அது வாய் திறக்காமலேயே பஸ் ஏறிவிடும். தகவலைப் பரப்ப இந்த வழி சரி, அதைத் தாண்டி இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது ஓப்பன் டே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) வருடத்தில் ஒரு நாள் தன் ஆய்வகங்களை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிடுகிறது, சென்னை ஐஐடியும் அப்படித் திறந்திருக்கிறது. திரவ நைட்ரஜனில் பூவை முக்கி எடுத்து நொறுக்கிக் காட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த ஆசையை வகுப்பறையில் என்னால் உண்டாக்கவே முடியாது. ஆனால் அங்கே வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி, அப்பா அம்மா காரிலோ மெட்ரோவிலோ அழைத்து வந்த நகரத்துப் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டது, “இங்க சேர என்ன எழுதணும் டீச்சர்?” ஜேஇஇ என்ற நுழைவுத் தேர்வு என்றால் என்ன, அதற்கு எப்போதிலிருந்து தயாராக வேண்டும் என்று சொல்லி முடிக்கும்போது பஸ்ஸே அமைதியாகிவிட்டது, அவர்கள் ஏற்கெனவே பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். ஜேஇஇ எழுதாமலேயே சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டப்படிப்பில் சேரலாம், நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் உண்டு என்ற செய்தி அன்றைக்கு அந்த வளாகத்திலேயே அவர்கள் காதில் விழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வாய்ப்பு இருந்தால் போங்கள், ஆனால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

மத்திய அரசின் இன்ஸ்பயர் அறிவியல் முகாம் ஐந்து நாள் தங்கிப் படிப்பது, விஞ்ஞானிகளோடு நேரடியாகப் பேசலாம், அருமையான ஏற்பாடு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து பதினொன்றில் அறிவியல் எடுத்தவர்களுக்கானது என்பதால், நான் பேச வந்த பிள்ளைகளில் அநேகம் பேருக்கு அது எட்டாது.

இனி களப்பயணம். பக்கத்தில் இருக்கிற அரசுக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஒரு நாள் கூட்டிப்போவது, கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இது நடக்கிற விதத்தைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரு கல்லூரியில் எங்களைக் காலை பத்து மணிக்கு செமினார் ஹாலில் உட்கார வைத்து, கல்லூரியின் வரலாறு, வாங்கிய விருதுகள், முதல்வர் உரை, துறைத்தலைவர் உரை என்று மதியம் வரை பவர்பாயின்ட் ஓட்டி, சாப்பாடு போட்டு, லேபை ஜன்னல் வழியாகக் காட்டி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நினைவில் நின்றது சாப்பாடு மட்டும்தான். இன்னொரு கல்லூரியில் பேச்சே கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்துவிட்டு அங்கே சேர்ந்திருந்த மாணவர்களைத் தேடிப்பிடித்து, ஆளுக்குப் பத்துப் பிள்ளை என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் கேண்டீன், லைப்ரரி, பாத்ரூம் உட்பட எல்லா இடத்தையும் காட்டினார்கள். “அக்கா, இங்கிலீஷ்ல நடத்துனா புரியுமா?”, “முதல் செமஸ்டர்ல அரியர் வெச்சா வெளிய அனுப்பிடுவாங்களா?”, “ஹாஸ்டல்ல நம்மள எந்த ஊரு, என்ன ஆளுன்னு கேப்பாங்களா?” இந்தக் கேள்விகளை எந்த துறைத்தலைவரிடமும் எந்தப் பிள்ளையும் கேட்காது. மூன்றாவது கேள்விக்கு, சுற்றிக் காட்டிய மாணவி மழுப்பாமல் பதில் சொன்னாள்: கேட்பார்கள், தனக்கும் நடந்தது, அப்படி நடந்தால் இன்னாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று.

களப்பயணத்தில் இன்னொரு லாபம், அம்மாக்களையும் கூட்டிப்போகலாம். மண்டபக் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை, பெங்களூருக்கு வர வழியே இல்லை, ஆனால் பக்கத்து ஊர் என்றால் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “ஃப்ரீ பஸ் போகுமா டீச்சர்?” இரண்டாவது, “சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவாங்க?” மகளை அனுப்புவதா வேண்டாமா என்பதை இந்த இரண்டு பதில்கள்தான் பல வீடுகளில் தீர்மானிக்கின்றன. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்பதைக்கூட அதற்கப்புறம்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

சரி, களப்பயணம் போய் ஆசையும் வந்துவிட்டது, அப்புறம்? இங்கேதான் யாரும் பெரிதாகப் பேசாத உயர்வுக்குப் படி முகாம் வருகிறது. பிளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராமல் இருக்கிற பிள்ளைகளைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, ஓரிடத்துக்கு வரவழைத்து, கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ, வங்கி, சான்றிதழ் தருகிற வருவாய்த்துறை எல்லாரையும் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் உட்கார வைக்கிற ஏற்பாடு. பார்க்கச் சந்தை மாதிரி இருக்கும், ஊக்கமூட்டும் பேச்சு எதுவும் நினைவில் நிற்காது. ஆனால் காலையில் வீட்டில் சும்மா இருந்த பையன் சாயங்காலம் சேர்க்கை உத்தரவோடு போகிறான், எந்த ஓப்பன் டேயும் இதைத் தந்ததில்லை.

எங்கள் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் அமைத்த முகாம் அது. அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான், ஆகவே முதல் தடை பணமாக இருப்பதில்லை. விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போட்டிருப்பார்கள், கடைக்காரர் தன் போன் நம்பரையே கொடுத்திருப்பார், ஓடிபியும் கலந்தாய்வுத் தேதியும் அவர் போனுக்குப் போய்ச் சேரும், பிள்ளைக்குத் தெரியும்போது தேதி போயிருக்கும். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கும் விஏஓ அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். இருளர் பிள்ளைகளின் கதை இன்னும் கொடுமை, பழங்குடிச் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கையெழுத்தில் வர வேண்டியது, விசாரணை இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் கல்லூரி திறந்துவிடும். அந்தச் சான்றிதழ் கொடுக்கிற ஆளையே முகாமில் உட்கார வைப்பது எத்தனை வருடப் படிப்பைக் காப்பாற்றுகிறது என்பதை அந்த மேஜை முன் நின்று பார்த்தால்தான் விளங்கும்.

அதிலும் குறை உண்டு. முகாம் நடக்கும்போது கலந்தாய்வு பெரும்பாலும் முடிந்திருக்கும், கேட்ட பாடம் கிடைக்காது, மிச்சம் இருப்பதில் ஒன்றை எடுக்க வேண்டும். 2021லிருந்து பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் இருக்கிறது, கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. அதைத் தவறவிட்டுவிட்டுக் காலியாக இருக்கும் ஏதோ ஒரு பாடத்தில் வந்து உட்காருகிற பிள்ளையைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஒரு கல்லூரி நிர்வாகம் என்னிடம் வந்து ஒரு நிகழ்ச்சிக்குத்தான் பணம் இருக்கிறது, எதை நடத்தலாம் என்று கேட்டால், களப்பயணம் என்றுதான் சொல்வேன், இரண்டு மாற்றங்களோடு. ஒன்று, செமினார் ஹால் வேண்டாம், அதற்குப் பதில் கம்ப்யூட்டர் லேபில் உட்கார வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல், வீட்டு நம்பரில் ஓடிபி, எந்தச் சான்றிதழ் இல்லை என்ற பட்டியல், இந்த மூன்றையும் முடித்து அனுப்புங்கள். இரண்டு, பிளஸ் டூவை விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்பைக் கூப்பிடுங்கள். கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவை எடுத்தவருக்கு பி.இ. இல்லை, உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவம் கஷ்டம், பத்து முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம் என்பதெல்லாம் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பதற்கு முன்னால் தெரிய வேண்டியவை. பத்தாம் வகுப்புப் பரீட்சை ஏப்ரலில் முடிகிறது, முடிவு மே மாதம் வருகிறது. இடையில் இருக்கிற அந்த வாரங்களில் பிள்ளைகள் சும்மாதான் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் பிப்ரவரியிலேயே சொல்லி வைத்தால் பஸ் ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு.