மூணாறு பழைய ரயில் தடம் ஜீப் டூர்: 5க்கு 3

ஜீப் நன்றாக இருந்தது, டிரைவர் தம்பி தங்கமானவர், ரயிலைப் பற்றித்தான் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. "காணாமல் போன ரயில் பாதை" என்று பலகை வைத்து அரை நாள் வாடகை வாங்குகிறவர்கள், மூணாறில் ரயில் எந்தக் கட்டடத்திலிருந்து கிளம்பியது என்றாவது அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்தப் பழைய ஸ்டேஷன் இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். அதைத் தாண்டித்தான் போனோம், வண்டி நிற்கவே இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1902-இல் மூணாறிலிருந்து தமிழ்நாட்டு எல்லையில் மலை மேல் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற இடம் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சுமை பெரும்பாலும் அந்த ஒரு தண்டவாளத்தின் மேல், வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் தரையில் உருளும் ஒரு சக்கரம், இழுப்பது மாடு! 1908-இல் அதை மாற்றி 2 அடி அகல ரயில் பாதையாக்கி நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, அப்புறம் வண்டியில் போடிக்குப் போனது. 1924 ஜூலை வெள்ளமும் மண்சரிவும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக, திரும்பக் கட்டவே இல்லை.

மிச்சம் அதிகமில்லை என்று தெரிந்துகொண்டே போங்கள். மாட்டுப்பட்டியிலும் குண்டளையிலும் பிற்பாடு அணை கட்டிவிட்டதால் ரயில் போன பள்ளத்தாக்கின் தாழ்வான இடங்கள் தண்ணீருக்குள். மற்ற இடங்களில் கண்ணை மேட்டில் வைக்காமல் மட்டத்தில் வைக்க வேண்டும். ரயிலுக்குச் செங்குத்து ஆகாது, மலையை ஒட்டிச் சுற்றிச் சுற்றித்தான் போகும். தேயிலைச் சரிவுக்கு நடுவே காரணமே இல்லாமல் ஒரு தட்டையான பட்டை ஓடினால் அங்கே இறங்கிப் பாருங்கள், ஓடை குறுக்கிடும் இடத்தில் கருங்கல் கட்டு ஏதாவது தென்படுகிறதா என்று தேடுங்கள். தோட்டத்துக்குள் நுழையும் முன் கேட்டுக்கொள்வது மரியாதை. நான் நிறுத்தச் சொன்னபோதெல்லாம் தம்பி முகம் சுளிக்காமல் நிறுத்தினார், ஒரு நட்சத்திரம் அதற்கே. ஆனால் எக்கோ பாயிண்டில் அவ்வளவு நேரம் எதற்கு? ரயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

டாப் ஸ்டேஷனில் ரோப்வே நிலையத்தின் சிதிலம் இன்னும் இருக்கிறது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேனிப் பக்கப் பள்ளத்தாக்கைப் படம் எடுக்கிறார்கள். கல்லெல்லாம் பாசி, வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

டூரில் சேர்க்காத, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். அந்த ரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். ரயிலின் இரும்பு என்று நான் கண்ணால் பார்த்தது அது மட்டும்தான். காலையில் அதைப் பார்த்துவிட்டு ஜீப் ஏறினால் என்ன தேடுகிறோம் என்பதாவது பிடிபடும்.

புக் செய்யும்போதே எக்கோ பாயிண்ட் வேண்டாம், பழைய ஸ்டேஷனில் நிறுத்தணும் என்று சொல்லிவிடுங்கள், கேட்கிறார்கள். மழைக்காலத்தில் போகாதீர்கள், மூடுபனியில் எதிரே வரும் பஸ்ஸே தெரியாது.