மலைக்குடிலில் விறகு அடுப்பு: ஐந்து குளிர்காலத்துக்குப் பிறகு

குடும்பத்தோடு தங்கும் மரக்குடிலுக்கு இரும்பு விறகு அடுப்பு வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். அடுப்புக் கதவின் விளிம்பில் காற்று புகாமல் அடைக்கும் கதவுக் கயிற்றை இன்றுதான் மாற்றினேன், அதனால் எல்லாம் கண்முன் இருக்கிறது.

சூட்டில் ஒரு குறையும் இல்லை. தூங்கப் போகுமுன் கனத்த கட்டை மூன்று வைத்து, இருபது நிமிடம் நன்றாக எரியவிட்டு, அப்புறம் காற்றுத் திறப்பைக் குறைத்தால் விடியும்வரை குடில் வெதுவெதுப்பாக இருக்கும். காலையில் சாம்பலைக் கிளறினால் அடியில் தணல் இருக்கும். சுள்ளி நாலு போட்டால் போதும், பிடித்துக்கொள்ளும்.

என் ஆத்திரமெல்லாம் நாங்கள் குடிலுக்கு வந்துசேரும் முதல் மாலையின் மேல்தான். வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த குடிலில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது பற்றவைத்தால், புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்புகிறது. புகையை விரட்டக் கதவைத் திறந்தால் இருக்கிற கொஞ்சம் சூடும் போய்விடுகிறது.

காரணம் இதுதான். புகைபோக்கி வெளிச்சுவரை ஒட்டி ஏறுவதால் உள்ளேயிருக்கும் காற்று குளிர்ந்து கனத்து, அடைப்புபோல நிற்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அந்தக் குளிர்காற்று அறைக்குள்ளேயே இறங்கும். 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் புகையை மேலே இழுக்கும் இழுப்பும் குறைவு. சமவெளிக்குப் போதுமான புகைபோக்கி உயரம் மலையில் போதாமல் போகலாம்.

பற்றவைக்குமுன் அடுப்பின் கதவைத் திறந்து, எரியும் தீக்குச்சியை வாயருகே பிடித்துப் பாருங்கள். சுடர் உங்கள் பக்கம் சாய்ந்தால் பொறுங்கள். ஃபேனை நிறுத்தி, காற்று வீசும் பக்கத்துக் கீழ்த்தள ஜன்னலை இரண்டு விரல்கட்டை திறந்து வையுங்கள். மாடி ஜன்னல் மூடியே இருக்கட்டும். அதைத் திறந்தால் குடிலே புகைபோக்கியாகிவிடும். பிறகு முறுக்கிய செய்தித்தாள் ஒன்றைப் புகை ஏறும் துளைக்கு நேர் கீழே பிடித்து எரியுங்கள். ‘புஸ்’ஸென்று மேலே இழுக்கும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது.

அடுக்குவதும் தலைகீழாக இருக்கட்டும்: அடியில் கட்டை, அதன்மேல் குறுக்காக விரல்பருமன் சுள்ளி, உச்சியில் காகிதம். மேலிருந்து எரிந்தால் புகைபோக்கி முதலில் சூடாகும், புகையும் குறையும்.

ஈர விறகோடு இதெல்லாம் வீண். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மீட்டரைக் கட்டையின் முனையில் வைத்தால் பொய் சொல்லும். பிளந்து, புதிதாகத் தெரியும் உள்பக்கத்தில் அளக்கவேண்டும். மூடுபனி இறங்கும் இடத்தில் பிளந்து அடுக்கிய விறகு காயவே ஒரு வருடம் ஆகும், வைரம்பாய்ந்த மரத்துக்கு இரண்டு. குவியலின் மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களில் காற்று நுழையட்டும். ஈரத்தை எரித்தால் கண்ணாடி கறுப்பதோடு போகாது. புகைபோக்கிக்குள் தார்போலக் கிரியோசோட் படியும், அது தீப்பிடிக்கும். வருடம் ஒருமுறை துடைத்தே ஆகவேண்டும்.

கதவுக் கயிறு விஷயம்: காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது, நள்ளிரவுக்குள் விறகு தீர்ந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். ஒட்டும்போது இழுத்து ஒட்டாதீர்கள். மெலிந்து, அந்த இடத்திலேயே காற்று புகும். ஒருநாள் கதவை மூடி வைத்துவிட்டு, முதல் தீயைச் சிறிதாகப் போடுங்கள்.

சாம்பலுக்கு மூடியுள்ள உலோக வாளி, அதுவும் மரத்தளத்தில் இல்லாமல் வெளியே மண்ணில். சாம்பலுக்குள் நெருப்பு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். எல்லோரும் படுக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடத் தங்காதீர்கள்.

இவ்வளவு நல்ல சூடு இருந்தும், அந்த முதல் மாலைப் புகைக்காக ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுக்கிறேன். புகைபோக்கி குடிலுக்குள்ளேயே நேராக ஏறிக் கூரையைத் துளைத்து வெளியேற வழியிருந்தால் வாங்குங்கள். வெளிச்சுவரில்தான் வைக்கமுடியும் என்றால் வேண்டாம்.