பெட்டியில் என்டி 64, உள்ளே வேறு கண்ணாடி

அருவியை லாங் எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுக்க, என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி) வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியைப் போலவே அச்சடித்து, உள்ளே தரமற்ற கண்ணாடியை வைத்து விற்கிறார்கள். எனக்கு விற்றது ஏதோ நடைபாதைக் கடை அல்ல. கல்யாண வீடியோக்காரர்கள் எல்லாம் போய் வாங்கும் கேமரா கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

மார்கழியில் கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு போனால் தண்ணீர் நன்றாக விழும், பாறையெல்லாம் பச்சையாக இருக்கும், காலையில் பனிமூட்டம் இறங்கும். கோடை வந்துவிட்டால் அந்த அழகு இருக்காது. அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் இந்த ஏமாற்று எனக்கு இவ்வளவு வலிக்கிறது. காசைத் திருப்பி வாங்கலாம், அந்தத் தண்ணீரையும் வெளிச்சத்தையும் யாரிடம் கேட்பது?

புதிதாகப் பழகுகிறவர்களுக்காக ஒரு விளக்கம். விழும் தண்ணீர் பட்டுத்துணி போல வழுவழுப்பாகத் தெரிய வேண்டுமானால் ஷட்டர் அரை நொடியாவது, தேவைப்பட்டால் இரண்டு நொடி வரைக்கும் திறந்திருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அப்படித் திறந்தால் படம் வெளுத்துவிடும். அதற்குத்தான் லென்ஸுக்கு முன்னால் சாம்பல் நிறக் கண்ணாடி மாட்டுகிறோம். என்டி 8 என்றால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும், மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்). என்டி 64 என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு, ஆறு ஸ்டாப். என்டி 1000 பத்து ஸ்டாப். அருவிக்கு நடுவில் உள்ளதுதான் கைகொடுக்கும். என்டி 8 வெயிலில் போதாது, என்டி 1000 நிழலில் நிமிடக் கணக்கில் நிற்க வைத்துவிடும்.

என் லென்ஸின் அளவான 77 மி.மீ.யில் என்டி 64 கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். ஹாலோகிராம் ஸ்டிக்கர் மினுங்கியது, "நானோ கோட்டிங்" என்று எழுதியிருந்தது. விலை 3,800 ரூபாய். "ஒரிஜினல் சார், நம்ம கடையில டூப்ளிகேட்டே கிடையாது" என்றார். பில் கேட்டதற்கு "எஸ்டிமேட்" என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது. முறையான பில் வேண்டும் என்றேன். "சிஸ்டம் டவுனா இருக்குங்க சார், நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரர் கோவில் பக்கம் வண்டியை விட்டு, ஆயிரத்துக்கும் மேலான படிகளில் இறங்கினோம். கூட வந்தவர் என் சித்தப்பா. ராசிபுரத்தில் ஃபிலிம் காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருந்தவர். முட்டி வலியோடு ட்ரைபாடையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது பனி விலகி வெளிச்சம் பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டது.

ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 11 வைத்து ஃபில்டர் இல்லாமல் பார்த்தால் ஷட்டர் 1/125 நொடி. என்டி 64 மாட்டினால் அது அரை நொடிக்கு வர வேண்டும். மாட்டினேன். 1/15 காட்டியது. கண் வைக்கும் வழியாக வெளிச்சம் புகுந்தால் மீட்டர் தடுமாறும் என்பதால் அதை மூடிவிட்டு மறுபடி பார்த்தேன். அதே 1/15. எட்டு மடங்குதான் குறைந்திருக்கிறது. பெட்டியில் 64 போட்டு உள்ளே என்டி 8 அளவுக் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள்.

1/15 நொடியில் அருவி எடுத்துப் பாருங்கள். துளி துளியாகவும் நிற்காது, வழுவழுப்பாகவும் வராது, கலங்கிப்போய்த் தெரியும். வேறு வழியில்லாமல் அபர்ச்சரை எஃப் 22க்குக் கொண்டுபோனேன். ஷட்டர் கால் நொடிக்கு வந்தது, ஆனால் அவ்வளவு சின்னத் துளை வழியாக ஒளி வளைந்து பரவுவதால் பாறையின் கூர்மை போய்விட்டது.

அதைவிட மோசம் நிறம். சித்தப்பா திரையைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, தண்ணியெல்லாம் பழுப்பாத் தெரியுது?" என்றார். ஃபில்டரைக் கழற்றி அவருடைய வெள்ளைத் துண்டுக்கு எதிரே பிடித்தோம். சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய கண்ணாடி செம்பழுப்பாக இருந்தது. ஒரே சீரான நிறமாற்றம் என்றால் ஒயிட் பேலன்ஸ் என்ற நிற அமைப்பில் சரிசெய்துவிடலாம். இதில் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம். வீட்டுக்கு வந்து ரா ஃபைலில் (கேமரா பதிந்த மூலக் கோப்பில்) என்ன செய்தாலும் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் இன்னொரு பக்கம் பச்சையடிக்கிறது. நானோ கோட்டிங் என்றார்களே, சாரல் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டாமா? அப்படியே அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் படலம்தான் மிஞ்சியது.

ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சில படங்கள் எடுத்தோம். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார். அவரை அவ்வளவு தூரம் இறக்கிவிட்டு வெறுங்கையோடு ஏற்றிவந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனதும் முதல் பதில், "மேகமா இருந்திருக்கும் சார்." அடுத்து, "உங்க கேமரா செட்டிங்க்ஸ் பாருங்க." அவர் கண்ணெதிரிலேயே சோதித்துக் காட்டினேன். இதை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கடையிலேயே செய்துவிடலாம். கேமராவை மேசைமேல் அசையாமல் வைத்து, வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்து, மேனுவல் மோடில் ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடிக்கு ஒரு படம் எடுங்கள். அறையில் வெளிச்சம் எப்படியோ அதற்கேற்ப அபர்ச்சரை வைத்துக்கொள்ளலாம், நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். பிறகு என்டி 64 மாட்டி இரண்டு நொடிக்கு ஒரு படம். இரண்டின் ஹிஸ்டோகிராமும் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சிறிது முன்பின் இருக்கலாம், நல்ல ஃபில்டரிலும் அரை ஸ்டாப் வித்தியாசம் வரும். என் படம் சுத்தமாக வெளுத்துப்போனது. கால் நொடிக்குக் குறைத்த பிறகுதான் முதல் படத்தோடு ஒத்துவந்தது. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரே அளவில் வைத்து எடுத்தால் நிறமும் அங்கேயே தெரிந்துவிடும்.

அதைப் பார்த்த பிறகும், "ஃபில்டர் ஒரு தடவை மாட்டிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார், வேணும்னா மெமரி கார்டு ஏதாச்சும் எடுத்துக்குங்க" என்றார். மாட்டிப் பார்க்காமல் ஒரு ஃபில்டரை எப்படிச் சோதிப்பது? எனக்கு மெமரி கார்டு வேண்டாம், என் 3,800 ரூபாய் வேண்டும் என்றேன். "எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எங்கே போக வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ஆகவே "ரிட்டர்ன் கிடையாது" என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து கடைக்கு அனுப்புவார்கள், ஆனால் கடையைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கடைக்காரர் போன் செய்து பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே மனுப் போடலாம். வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். யுபிஐயில் பணம் கட்டியதால் அதன் ரசீது, அந்த எஸ்டிமேட் சீட்டு, பெட்டியின் படங்கள், சோதனைப் படங்களின் ஒரிஜினல் ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்து மனுவைக் கொடுத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வாங்கினேன் என்று காட்டுவதே கஷ்டமாகியிருக்கும்.

இன்னொரு அடையாளம் பெட்டியிலேயே இருக்கிறது. இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி எல்லாம் பெட்டிமேல் இருக்க வேண்டும் என்பது விதி. என் பெட்டியில் ஹாலோகிராம் மட்டும்தான் இருந்தது. ஹாலோகிராமை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்த முகவரி இல்லாத பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஃபில்டரையும் பெட்டியையும் அப்படியே வைத்திருக்கிறேன், ஆணையம் கேட்டால் கொண்டுபோக வேண்டும். இதே போல் எஸ்டிமேட் சீட்டோடு ஃபில்டர் வாங்கியவர்கள் இருந்தால் முதலில் சுவர்ச் சோதனையைச் செய்து பாருங்கள். தவறாக வந்தால் முப்பது நாளைக் கடத்திவிடாமல் கடைக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.