கிரேமர் ஈய–வெள்ளீய மஞ்சள் தூள்: பரோக் பொன்னுக்கு ஏற்ற சரக்கு

வீனஸ், டானாயி என்று பரோக் பாணியில் (17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியப் பாணி) புராணக் காட்சி வரைபவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் மஞ்சள்தான். பட்டு மடிப்பில் ஒளி விழும் இடத்தில் கேட்மியம் மஞ்சளை வைத்தால் படம் முழுவதையும் அது அமுக்கிவிடும். ரூபன்ஸும் ரெம்பிராண்டும் புழங்கியது ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துச் சுட்ட மஞ்சள். 1750 வாக்கில் வழக்கொழிந்த இந்த நிறமியை, 1941-இல் மியூனிக்கில் ஆய்வாளர் ரிச்சர்ட் யாகோபிதான் மறுபடி அடையாளம் கண்டார்.

ஜெர்மனியின் கிரேமர் பிக்மென்டே இதைத் தூளாக விற்கிறது. இரண்டு வகை உண்டு; வாங்க வேண்டியது முதல் வகை (Type I). 650 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சுடுவார்கள். சூடு ஏற ஏற நிறம் எலுமிச்சைப் பக்கம் சாயும்.

தூளை எண்ணெய் வண்ணமாக அரைக்க, 50 கிராம் தூளுக்கு 5 கிராம் ஆளிவிதை எண்ணெயில் தொடங்குங்கள். முதலில் பொலபொலவென்று உதிரும். அதைப் பார்த்து அவசரமாக எண்ணெய் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. கத்தியால் அழுத்திப் பிசைந்து, கண்ணாடிக் குழவியால் பத்துப் பதினைந்து நிமிடம் அரைத்தால் தானே இளகும். போதாவிட்டால் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். எண்ணெய் மிஞ்சினால் கனமான தூள் ட்யூபின் அடியில் படியும், தடிப்பாக வைத்த இடம் காயும்போது சுருங்கும். மையாக அரைக்கவும் வேண்டாம். லேசான நறநறப்பு இருந்தால்தான் தூரிகையைத் தொட்டு எடுத்த இடத்தில் சின்னக் கூர்முனை சரியாமல் நிற்கும்.

ரெம்பிராண்டின் ‘டானாயி’யில் (1636) கட்டிலின் பொற்செதுக்கல் மினுங்குவதைப் பாருங்கள். அந்த விளைவுக்குப் பழுப்பு அடி, மேலே காவி மஞ்சள், அது உலர்ந்தபின் ஒளிப்புள்ளிகளுக்கு மட்டும் இந்த மஞ்சள். புள்ளியை வைத்துவிட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பொன் தகரமாகிவிடும்.

சாயம் ஏற்றும் வலு குறைவு. அதுவே இதன் அருமை: அல்ட்ராமரைன் நீலத்தோடு கலந்தால் கண்ணை உறுத்தாத இலைப்பச்சை கிடைக்கும், சதை நிறத்தில் சேர்த்தாலும் அடக்கமாக இருக்கும். ஆனால் பொன்னின் ஆழ்ந்த நிழலுக்கு இது உதவாது; அங்கே காவியும் மெல்லிய மெருகுப் பூச்சும்தான் வேண்டும்.

ஈயம் நஞ்சு. தூளைக் கையாளும்போது பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம், கையுறை கட்டாயம். சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம். உலர்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் தூளே வேண்டாம். ட்யூபில் அரைத்து வருவதை வாங்குங்கள். அதிலும் பெயரோடு ‘ஹியூ’ என்று இருந்தால் அது வேறு நிறமிகளைக் கலந்த போலி மஞ்சள். கையில் எடுத்தாலே தெரியும், அசல் கனக்கும்.