மணலில் டயர் காற்று: 25, 18, 14 – எது சரி?

சேலத்தில் தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால், பேச்சு எப்படியும் டயர் காற்றில் வந்து நிற்கும். சனி, ஞாயிறு என்றால் ஏற்காடு. நீண்ட விடுமுறை கிடைத்தால் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காடு. துணிந்தவர்களுக்கு ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சால்மர். மலைக்கும் மணலுக்கும் அதே வண்டி, அதே டயர்தான். ஆனால் அதே காற்று உதவாது. மணலில் எத்தனை பிஎஸ்ஐக்கு (டயர் காற்றழுத்தத்தின் அளவு) இறக்குவது என்பதில்தான் கட்சி பிரிகிறது. 25 போதும் என்பது ஒரு கட்சி, 18 என்பது இன்னொன்று, 14 வரை போகாமல் மணலில் கால் வைக்காதே என்பது மூன்றாவது. காற்றை இறக்கவே வேண்டாம், நான்கு சக்கரத்தையும் இன்ஜின் சுழற்றும் ஃபோர் வீல் போட்டால் போதும் என்று நம்புகிற நான்காவது கட்சியும் உண்டு. என் ஓட்டு 18க்கு.

நான்காவது கட்சியை முதலில் முடித்துவிடலாம். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 450 கிலோ வரும். ரோட்டில் வழக்கமாக வைக்கும் 32 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. அப்படியானால் டயர் தரையில் பதியும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். 16 வைத்தால் கணக்குப்படி அது 400 ஆகிறது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் நிஜத்தில் முழுசாக இரண்டு மடங்கு வராது, ஆனாலும் பெரிய வித்தியாசம்தான். ஃபோர் வீல் போடுவதால் இந்தப் பதிவு ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடாது. இரண்டு சக்கரம் குழி தோண்டிய இடத்தில் நான்கு சக்கரமும் தோண்டும், அவ்வளவுதான்.

25ஐ நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். மணல் எது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் பழகியது காவிரி மணல். பரல் பெரியது, ஈரம் இருந்தால் இறுகி நிற்கும். அந்த மாதிரி ஈரமான, சமமான மணலில் 25 தாராளமாகப் போகும். நடுவில் கொஞ்ச தூரம் தார் ரோடு வந்தாலும் மெதுவாக ஓட்டிக் கடந்துவிடலாம். தேரி வேறு ஜாதி. இரும்பு கலந்த செம்மணல், மாவு மாதிரி பொடி, பனைக்கும் முந்திரிக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். காய்ந்த நேரத்தில் அங்கே 25 வைத்தால் சமதளத்தில் ஓடும், முதல் மேட்டிலேயே நின்றுவிடும். (குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே வண்டியை விடுவது குற்றம். தனியார் நிலம் என்றாலும் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.)

18க்கு இறக்கினால் டயர் அகலமாகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். பதிவு நீளமாவதில்தான் விஷயமே இருக்கிறது. டயர் தனக்கு முன்னால் மணலைக் குவித்துத் தள்ளாமல், அதன் மேல் ஏறிப் போகிறது. இன்ஜின் திணறுவது நின்றுவிடுவதை ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலே சொல்லிவிடும். 18 வைத்தும் திணறினால் 16க்கு வரலாம், இன்னும் கையில் இடம் இருக்கிறது. 14இல் ஆரம்பிப்பவருக்கு அந்த இடம் இல்லை. இதுதான் நான் 18 பக்கம் நிற்க முதல் காரணம்.

எல்லா வண்டிக்கும் இதே எண் என்று சொல்லவில்லை. கனமான வண்டிக்குத்தான் அதிகம் இறக்க வேண்டும் என்று தோன்றும், உண்மை நேர்மாறு. ஜிம்னி 1,200 கிலோ அளவுதான். லேசான வண்டி என்பதால் 18இல் அதன் டயர் அவ்வளவாக அமுங்காது. இரண்டு பேர் மட்டும் போனால் 15 வைப்பது நியாயமே. 1,700 கிலோவைத் தாண்டும் தாரில் நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் 20இலேயே டயர் போதுமான அளவு அமுங்கிவிடும். டயர் அளவும் கணக்கில் வரும். 18 அங்குல ரிம்முக்கான 255/65 ஆர்18 டயரின் பக்கச்சுவர் சுமார் 166 மில்லிமீட்டர், 16 அங்குல ரிம்முக்கான 245/75 ஆர்16 என்றால் 184. உயரமான பக்கச்சுவர் காற்று இறங்கியதும் நன்றாக வளைந்து கொடுக்கும். மணலுக்கு என்றே டயர் மாற்றுபவர்கள் பெரிய ரிம்மில் ஆசைப்படாமல் இருந்தால் நல்லது, பார்க்க அழகாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

14 கட்சிக்காரர்கள் சொல்வதில் பொய் இல்லை. அந்தக் காற்றில் வண்டி மிதந்து போகும். ஆனால் வேகமாகத் திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். டியூப்லெஸ் டயரில் அப்படிக் கழன்றால் இருக்கிற காற்றும் மொத்தமாகப் போய்விடும். அப்புறம் மணலில் ஜாக்கி வைக்க வேண்டும், ஜாக்கிக்கு அடியில் பலகை இல்லையென்றால் ஜாக்கியே புதையும். 10, 12 எல்லாம் சிக்கிய வண்டியை வெளியே எடுக்க மட்டும்தான். சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் வழி எடுத்துவிட்டு, காற்றை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே பின்னால் வர வேண்டும்.

சேலத்திலிருந்து போகிறவர்கள் மறக்கும் சங்கதி ஒன்று உண்டு. மதுரை வழியாகப் பல மணி நேரம் வெயிலில் ஓடிப் போய் நிற்கும் டயர் கொதித்துக்கொண்டிருக்கும். காலையில் வைத்த 32 அப்போது 36 காட்டும். அந்தச் சூட்டில் 18 என்று பார்த்து இறக்கினால், டயர் ஆறியதும் 16க்குப் பக்கமாக வந்துவிடும். 14 வைத்தவருக்கு மறுநாள் காலை 12தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் காலையில் யாரும் காற்றை அளக்கும் கேஜ் வைத்துப் பார்ப்பதில்லை. கேஜ் வாங்கும்போது 60 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுவதாக வாங்குங்கள். லாரி டயருக்கான பெரிய கேஜில் 14க்கும் 18க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

உண்மையில் எந்த எண் என்பதைவிட, திரும்ப எப்படி நிரப்பப் போகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. பங்க் பக்கத்தில் இருந்தால் 18உடன் மெதுவாக ஊர்ந்து போய்விடலாம். 14உடன் தார் ரோட்டில் போனால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி டயரே பாழாகும். காற்றடிக்கும் கம்ப்ரஸர் சொந்தமாக வைத்துக்கொள்வதே நல்லது. லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்னக் கம்ப்ரஸர் விலை குறைவு, பஞ்சருக்குப் போதும். நான்கு பெரிய டயரை 18இலிருந்து 32க்கு ஏற்றும்போது நடுவில் அதை ஆறவிட வேண்டியிருக்கும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகை விலை கூடுதல்தான், ஆனால் மணலுக்கு அடிக்கடி போகிறவருக்கு அதுதான் சரி. கம்ப்ரஸரே இல்லாதவர் 22க்குக் கீழே இறக்காமல், ஈரமான இடத்தோடு திரும்பிவிடலாம்.

கடைசியாக, மணலில் பழகிய கையோடு ஏற்காட்டுக்கும் காற்றைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் சாயும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. எஸ்டேட் பாதைகளின் கூர்க்கற்களும் பிதுங்கிய பக்கச்சுவரைக் கிழிக்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும் என்பது உண்மைதான். மேலே பத்து டிகிரி குளிர்ந்தால் அதில் ஒன்றரைக்கு மேல் குறைந்தும் விடும். அதனால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைச் சேலத்திலேயே, டயர் குளிர்ந்திருக்கும்போது வைத்துவிட்டு ஏறினால் போதும்.